எருக்கிலைப் புழுவும் மயில்கொன்றைப் பூவும்



எங்கள் தெருமுனையில் மயில்கொன்றை பூத்திருக்கிறது. நம் பள்ளிக்கூட வாசலில் நின்றதே, அதே சிவப்பும் மஞ்சளும். அதைப் பார்த்ததும், முப்பது வருடம் வரலாறு எடுத்தும் உங்களுக்கு நான் ஒருமுறைகூடச் சொல்லாத ஒரு பெண்மணியின் நினைவு வந்தது. பாடப்புத்தகத்தில் அவர் இல்லை. நானே ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

மரியா சிபில்லா மேரியன். 1647-இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தவர். அப்பா பதிப்பாளர், செப்புத்தகட்டில் படம் செதுக்குபவர். மூன்று வயதில் அப்பாவை இழந்த மரியா, அம்மா மறுமணம் செய்த பூ ஓவியர் ஜேக்கப் மாரெலிடம் தூரிகை பிடிக்கக் கற்றார். 13 வயதில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தானாக உண்டாகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. மரியாவோ புழுக்களுக்கு இலை போட்டு, தினமும் பார்த்துக் குறிப்பெழுதினார். பிறகு முட்டை, புழு, கூடு, பட்டாம்பூச்சி, அது தின்னும் செடி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வரைந்தார். புழு கடித்த ஓட்டைகூட இலையில் இருக்கும். செடி இல்லாமல் பூச்சி இல்லை என்பதை ஒரே படத்தில் காட்டிவிட்டார். 1679-இல் 50 படங்களோடு அவருடைய புழுப் புத்தகம் வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் ஜாமெட்ரி பாக்ஸில் எருக்கிலை போட்டு ஒரு வரிப்புழுவை வளர்த்தாள். பாடவேளையில் அது பெஞ்சில் ஊர, வகுப்பே அலறியது. நான் பாக்ஸைப் பிடுங்கி ஜன்னல் வழியே கொட்டினேன். அவள் அழவில்லை, காலி பாக்ஸை மட்டும் மூடி வைத்தாள்.

மரியா கதைக்கு வருகிறேன். கணவரைப் பிரிந்து, மகள்களோடு ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். 1699-இல், 52 வயதில், தன் ஓவியங்களை விற்றுப் பணம் சேர்த்து, இளைய மகள் டொரோத்தியாவுடன் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பல் ஏறினார். புழு பார்க்கத்தான்! நம் வீடுகளில் 52 வயதுப் பெண்ணைத் தனியாக மதுரைக்கு அனுப்பவே ஆயிரம் யோசிப்போம். அங்கிருந்த டச்சுத் தோட்டக்காரர்கள், கரும்பை விட்டு வேறெதையோ தேடுகிறாளே என்று கேலி செய்தார்களாம். காய்ச்சலில் விழுந்து 1701-இல் திரும்பினார். 1705-இல் 60 பெரிய படங்களோடு புத்தகம் வந்தது.

அந்தப் படங்களைச் செய்த விதமே தனி. முதலில் தோல்தாளில் நீர்வண்ண ஓவியம். அதைப் பார்த்துச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடுவார்கள். சில பிரதிகளுக்கு, அச்சடித்த மை காயும் முன்பே அதன்மேல் இன்னொரு தாளை அழுத்தி எடுப்பார்கள். அப்போது கோடுகள் மெலிந்து விழும். அதன்மேல் கையால் வண்ணம் தீட்டினால் அச்சு எது, ஓவியம் எது என்றே தெரியாது. சிலந்தி ஒன்று சிறு பறவையைத் தின்பதாக ஒரு படம் உண்டு. பொய் என்று பிற்காலத்தில் ஏளனம் செய்தார்கள். அப்படிப் பறவையைப் பிடிக்கும் சிலந்திகள் இருப்பது பிறகு உறுதியானது.

என்னைத் தூங்கவிடாதது 45-ஆம் படம்தான். நம் மயில்கொன்றை! லத்தீனிலும் அவர் அதை மயில் பூ என்றே குறிப்பிடுகிறார். பக்கத்தில் பூச்சியைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் அழகான படத்தோடு முடிந்திருக்கும். ஆனால், தோட்டங்களில் அடிமைகளாக இருந்த பெண்கள் இந்தச் செடியின் விதையைக் கொண்டு கருவைக் கலைத்தார்கள் என்று எழுதுகிறார். பிறக்கும் பிள்ளையும் அடிமையாகக் கூடாது என்பதற்காக. இதை அவர்களே தன்னிடம் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார்.

காட்டில் வழி வெட்டியதும், புழு கொண்டுவந்து கொடுத்ததும், செடியின் குணம் சொன்னதும் அப்படிப்பட்ட அடிமைகளும் அந்த மண்ணின் பூர்வகுடிகளும்தான். ஒரு பூர்வகுடிப் பெண் அவருடன் ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் வந்தாள். ஒருவர் பெயரும் புத்தகத்தில் இல்லை. மரியாவின் முகத்தை 500 மார்க் நோட்டில் அச்சிட்டது ஜெர்மனி.

ஜாமெட்ரி பாக்ஸ் பெண்ணே, உன் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லோர் முன்னிலும் எழுத வேண்டாம் என்றுதான் விட்டேன். அன்று நான் செய்தது தப்பு. இதைப் படித்தால் டீச்சருக்கு ஒரு போன் போடு.