பட்டறைக்கு வந்த காப்பீடு

பெங்களூருக்குத் தமிழர் வந்து குடியேறிய கதையைச் சொல்வோர் பலர் உளர். தண்டுப் பகுதியில் கடை வைத்தோர், பின்னி ஆலையில் நூல் நூற்றோர், கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கியோர், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோர் ஆகிய அனைவரைப் பற்றியும் நாம் படித்திருக்கிறோம். அவர்கள் நோயுற்றுப் படுத்தபோது அந்தச் செலவை யார் ஏற்றார் என்னும் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டதில்லை. இந்நகரில் மருத்துவக் காப்பீட்டு முகவராகப் பல ஆண்டுகள் அலைந்தவர்கள் என்ற முறையில் அக்கேள்வியை நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம். அதற்கு விடை பெரும்பாலும் ஓர் எண்ணாகவே இருந்து வந்திருக்கிறது. ஒருவர் வேலை செய்யும் இடத்தில் அவரோடு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதே அந்த எண்.

மைசூர் சமஸ்தானத்தில், பாலக்காட்டுத் தமிழரான திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில், 1891ஆம் ஆண்டு அரசாங்க ஊழியர்களுக்கென ஆயுள் காப்பீட்டுத் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. இன்றைய கர்நாடக அரசுக் காப்பீட்டுத் துறை அதன் வழி வந்ததே. காலத்தால் முந்திய முயற்சிதான். ஆனால் அது இறந்தவர் குடும்பத்துக்குப் பணம் தரும். பாயில் கிடப்பவருக்குத் தராது. 1898இல் பிளேக் நோய் நகருக்குள் புகுந்தபோது காப்பீடு என்ற சொல்லையே சாமானிய மக்கள் கேட்டிருக்கமாட்டார்கள். விக்டோரியா மருத்துவமனை திறக்கப்பட்டது 1900ஆம் ஆண்டில். தண்டில் பௌரிங் மருத்துவமனை இருந்தது. தங்கவயலில் சுரங்கக் கம்பெனியே மருத்துவமனை நடத்தியது. பெரிய முதலாளியிடம் வேலை செய்தவருக்குப் பெரிய முதலாளியின் மருத்துவர், ஏனையோருக்கு தர்மாஸ்பத்திரி. இதுவே அக்கால நிலை.

அயல்நாடுகளில் இதற்குள் வேறொரு வழி பிறந்திருந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் தொழிலாளர் நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கினார். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1929இல் நடந்தது இன்னும் சுவையானது. முன்னர் பள்ளிக்கூடங்களின் கண்காணிப்பாளராக இருந்த ஜஸ்டின் கிம்பால் என்பவர் பெய்லர் மருத்துவமனையின் நிர்வாகத்தோடு தொடர்புடைய பொறுப்புக்கு வந்து, கணக்குப் புத்தகங்களைப் புரட்டியபோது, செலுத்தப்படாத பாக்கிகளில் தமக்குத் தெரிந்த ஆசிரியர்களின் பெயர்களைக் கண்டார். ஆசிரியர் ஒவ்வொருவரும் மாதம் 50 செண்டு கட்டினால் ஆண்டுக்கு 21 நாள் மருத்துவமனையில் தங்கலாம் என்று ஏற்பாடு செய்தார். அமெரிக்காவின் குழு மருத்துவக் காப்பீடு அந்த ஆசிரியர் கூட்டத்திலிருந்து வளர்ந்ததே.

கிம்பால் கண்ட நுட்பத்தை நம் வாசகர் எளிதில் அறிவர். தனியாக ஒருவர் காப்பீடு வாங்க வந்தால், இவருக்கு ஏதோ நோய் இருக்கிறது, அதனால்தான் வருகிறார் என்று நிறுவனம் ஐயுறும். ஐயம் விலையை ஏற்றும். காப்பீட்டுக்காகவே கூடாமல் வேறொரு வேலைக்காகக் கூடிய கூட்டத்தில், நலமாய் இருப்போரும் நோயுற்றோரும் இயல்பாகவே கலந்திருப்பர். ஆகவே முன்பே உள்ள நோய், காத்திருப்புக் காலம் என்னும் தடைகளைத் தளர்த்த முடிகிறது. நம்மவர்க்குப் பழக்கமான சீட்டைப் போன்றதுதானே இது என்று சிலர் நினைப்பர். பாதிதான் உண்மை. சீட்டில் எல்லோருக்கும் ஒரு முறை பணம் வரும். காப்பீட்டில் ஒன்றும் வராதவரே அதிர்ஷ்டசாலி. இந்த ஒரு வேற்றுமையைப் புரியவைப்பதிலேயே முகவரின் ஆயுளில் பாதி கழிந்துவிடும். “போன வருஷம் கட்டினதுக்கு ஒண்ணும் வரலையே சார்” என்று குறைபட்டுக்கொள்ளும் பட்டறை முதலாளியிடம், அதற்காக மகிழ வேண்டும் என்று எப்படிச் சொல்வது!

நம் நாட்டில் பேராசிரியர் பி. பி. அதர்க்கார் 1944இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. கோயம்புத்தூருக்கு 1955இலும் பெங்களூருக்கு 1958இலும் வந்து சேர்ந்தது. ஆலைத் தொழிலாளருக்கு அது பெரும் வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சட்டம் முதலில் தழுவியது, மின்சக்தியைப் பயன்படுத்தி 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையை மட்டுமே. 1989இல் அந்த எண் மின்சக்தி உள்ள இடங்களுக்குப் பத்தாகக் குறைந்தது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பத்தைப் பொதுவாக்கியது. இன்னொரு வேலியும் உண்டு. அது சம்பள வரம்பு. தொடக்கத்தில் 400 ரூபாயாக இருந்த வரம்பு 2010இல் 15,000 ஆகவும், 2017இல் 21,000 ஆகவும் உயர்ந்தது. ஒன்பது பேர் வேலை செய்யும் கடைசல் பட்டறையும், 22,000 ரூபாய் வாங்கும் மேஸ்திரியும் வேலிக்கு வெளியே நின்றனர்.

பெங்களூரில் இவ்வாறு வெளியே நின்றோர் கொஞ்சமல்லர். 1940இல் தோன்றிய விமானத் தொழிற்சாலையும், அதன்பின் வந்த தொலைபேசி, கடிகாரம், மின்னணுத் தொழிற்சாலைகளும் தத்தம் ஊழியரைப் பார்த்துக்கொண்டன. அப்பெரிய ஆலைகளுக்கு உதிரி உறுப்பு செய்து கொடுத்த சிறு பட்டறைகள் பீன்யாவிலும் ராஜாஜிநகரிலும் பெருகின. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த நம் இளைஞர் பலர் அங்கேதான் தொழில் கற்றனர். விமானத்துக்கு வேண்டிய உறுப்பைக் கடைந்து கொடுத்தவரின் விரல் இயந்திரத்தில் சிக்கினால், விமானத் தொழிற்சாலையின் மருத்துவமனை அவருக்குத் திறக்காது.

பொதுக் காப்பீட்டுத் தொழில் 1973 ஜனவரி முதல் நாளன்று நாட்டுடைமையாயிற்று. 107 நிறுவனங்கள் நான்காக ஒடுங்கின. நான்கில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையிடம் சென்னை. இந்நான்கும் 1986இல் ‘மெடிகிளெய்ம்’ என்னும் மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தன. தனியாருக்கும் குழுவுக்கும் அது கிடைத்தது. ஆனால் அன்று நடந்த வியாபாரத்தை உள்ளே இருந்து பார்த்தோர்க்கு ஓர் உண்மை தெரியும். தீக்காப்பீட்டுக்கும் எஞ்சினியரிங் காப்பீட்டுக்கும் விலை கட்டண அட்டவணையால் கட்டப்பட்டிருந்தது. அதில் லாபம் நிலையானது. அந்தப் பெரிய பாலிசியைப் பெறுவதற்காக, அதே கம்பெனியின் ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீட்டை நஷ்ட விலைக்கே கொடுத்தனர். காய்கறிக்காரர் கறிவேப்பிலையைச் சும்மா போடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். காய் வாங்காதவருக்குக் கறிவேப்பிலை ஏது? பத்து லட்ச ரூபாய் இயந்திரம் இரண்டை வைத்திருந்த பட்டறையை நாடி எந்த அதிகாரியும் வரவில்லை. வந்தவர் முகவர் ஒருவரே.

2007 ஜனவரியில் கட்டண அட்டவணை நீங்கியது. தீக்காப்பீட்டின் விலை சரிந்தது. கறிவேப்பிலைக்கு விலை போடத் தொடங்கினர். 2010 ஜூலையில் பெங்களூர், சென்னை, மும்பை, தில்லி ஆகிய நான்கு நகரங்களிலும் பொதுத்துறை நிறுவனங்கள், ஒப்பந்த விலைக்கு இசைந்த மருத்துவமனைகளில் மட்டுமே ரொக்கமில்லாச் சிகிச்சை என்று அறிவித்தன. பெரிய மருத்துவமனையின் பெயரைச் சொல்லிப் பாலிசி விற்றிருந்த முகவர்கள் அந்த மாதம் தெருவில் தலைகாட்டத் தயங்கினர். நாமும் அவர்களுள் இருந்தோம்.

முகவர் யார்பக்கத்து மனிதர் என்ற கேள்வியும் இடையே எழுந்தது. முகவர் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பிலேயே விற்க முடியும். வாங்குவோர் சார்பில் பல நிறுவனங்களிடம் விலை கேட்கும் தரகருக்கு 2002இல் விதிகள் வந்தன. ஆனால் நேரடித் தரகராக உரிமம் பெற அப்போது 50 லட்ச ரூபாய் மூலதனம் வேண்டியிருந்தது. ஸ்கூட்டரில் போகிற மனிதருக்கு அது எட்டாத கனி. குழுவின் குறைந்த அளவு ஏழு பேர் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் வகுத்தபோது, பட்டறைக்கும் வழி திறந்தது எனலாம். ஆயினும் கணக்கைப் பாருங்கள். 2017 முதல் 2023 வரை தனியார் பாலிசிக்கு முகவரின் கழிவு நூற்றுக்கு 15 வரை. முதலாளி தம் ஊழியருக்கு எடுக்கும் குழுப் பாலிசிக்கு ஏழரை மட்டுமே. பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் என்றால் பிரீமியம் 60,000, முகவருக்கு 4,500. அந்தப் பணத்துக்கு ஆண்டு முழுதும் ஆள் சேர்ப்பு, ஆள் நீக்கம், நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து வரும் தொலைபேசி ஆகிய அனைத்தும் அடக்கம். “அதில் எனக்கு எவ்வளவு திருப்பித் தருவீங்க?” என்று முதலாளி கேட்பதும் உண்டு. கழிவில் பங்கு கொடுப்பதை 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு தடுக்கிறது. 2015 முதல் அபராதம் பத்து லட்சம் வரை செல்லலாம். “பில் பாஸானதும் பணம் தர்றேன்” என்பாரிடம் 64-விபி பிரிவைச் சொல்ல வேண்டும்: பிரீமியம் முன்னே வந்தாலன்றிப் பொறுப்பு தொடங்காது.

பட்டியல் எழுதுவது தனிக் கலை. நம்மவர் பலருக்குப் பிறந்த நாள் ஜூன் மாதத்திலேயே வரும். பள்ளியில் சேர்த்த தலைமையாசிரியரின் உபயம் அது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தமிழர் எதை எழுதுவது? ஒருவர் தலையெழுத்தை விரிப்பார், ஒருவர் தந்தை பெயரை முன்னே வைப்பார், ஒருவர் ஊர்ப் பெயரைச் சேர்ப்பார். காப்பீட்டு அட்டையில் ஒரு பெயரும் ஆதார் அட்டையில் வேறொரு பெயரும் இருந்தால், மருத்துவமனைச் சாளரத்தில் அன்று இரவு நிற்பவருக்கே அதன் வலி தெரியும்.

2018இல் பீன்யாவில் ஒரு பட்டறைக்குப் பட்டியல் எழுதினோம். வேலை செய்வோர் பதின்மூவர். மூத்தவர் 57 வயதுக் கடைசல்காரர், தருமபுரி மாவட்டத்தவர், சர்க்கரை நோயாளி. “அவர் பேரைப் போட்டா ரேட் ஏறுதுங்க சார். அவரே அடுத்த வருஷம் ஊருக்குப் போறேங்கிறார்” என்றார் முதலாளி. வேலை செய்வோர் அனைவரும் சேரவேண்டும் என்பதே குழுக் காப்பீட்டின் அடிப்படை. ஆளைப் பொறுக்கி எடுத்தால் அது குழுவே அன்று. இது நமக்குத் தெரியும். ஆயினும் நாம் இரண்டு முறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டோம். மூன்றாம் முறை சொன்னால் 4,500 ரூபாய் போய்விடும் என்று அஞ்சினோம் என்பதே உண்மை. பன்னிரண்டு பெயரோடு பாலிசி எழுந்தது. நான்காம் மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. உயிர் பிழைத்தார், ஊரில் இருந்த ஒன்றரை ஏக்கர் அடமானத்துக்குப் போயிற்று.

2020 ஏப்ரல் 15ஆம் நாள் மத்திய உள்துறை அமைச்சகம், ஊரடங்கின்போது மீண்டும் திறக்கும் தொழிலிடங்களில் தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்று அறிவித்தது. அதுவரை வாசலில் நிறுத்திப் பேசியவர்கள் அந்த மாதம் நம்மைத் தேடித் தொலைபேசியில் அழைத்தனர். பலர் கேட்டது காப்பீட்டையன்று, சுவரில் மாட்டச் சான்றிதழை. ஆளுக்கு ஒரு லட்சம், அறை வாடகைக்கு வரம்பு, குடும்பம் இல்லை என்று மிக மலிவாக எடுத்தனர். மறு ஆண்டு இரண்டாம் அலையில் அந்த ஒரு லட்சம் எத்தனை நாளைக்குப் போதுமானதாக இருந்தது என்பதை அவரவர் அறிவர்.

2025ஆம் ஆண்டு இரண்டு மாறுதல்களைக் கண்டது. செப்டம்பர் 22 முதல் தனியார் மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி நீங்கியது, குழுப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே நின்றது. பெரிய கம்பெனி அவ்வரியில் ஏதேனும் ஈடு காணலாம். பதிவில்லாத பட்டறைக்கு அது முழுச் சுமை. நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களும் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் இசைந்தால் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர வழி செய்கிறது. 1948இல் எழுப்பிய வேலியில் ஒரு வாயில் என்று இதைக் கொள்ளலாம். ஆனால் தாமாக முன்வந்து அதனுள் நுழையும் பட்டறைகள் எத்தனை என்பதைப் போகப் போகத்தான் பார்க்கவேண்டும்.

பிற மாநிலங்களில் வேலை செய்யும் நம்மவர் தம் முதலாளியிடமோ முகவரிடமோ கேட்கவேண்டியவை இரண்டு உண்டு. பாலிசியில் மனைவி மக்கள் சேர்ந்திருக்கின்றனரா, சேர்ந்திருந்தால் அவர்கள் வாழும் ஊருக்கு அருகே பட்டியலில் மருத்துவமனை உண்டா என்பது ஒன்று. வேலையை விட்டு நீங்கும் நாளில் குழுவின் காப்பு நின்றுவிடும். அதே நிறுவனத்தில் தனியார் பாலிசிக்கு மாறிக்கொள்ள 2011 முதல் விதிகள் இடம் தருகின்றன. அதை யார், எந்தத் தேதிக்குள் செய்து கொடுப்பார் என்பது மற்றொன்று.

பீன்யாப் பட்டறைக்குப் புதுப்பிக்கும் தேதி ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் வருகிறது. மறு ஆண்டுப் பட்டியலில் கடைசல்காரரின் பெயரை முதலாளியே முதல் வரியில் எழுதினார். 2022இல் அவர் ஊருக்குத் திரும்பும் முன் தனியார் பாலிசிக்கு மாற்ற விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். தொகையைக் கேட்டவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு முதல் ஆண்டுக்கு மட்டும் கட்டினார்.