பர்த்துவான் ஜமீனும் மகாராஜா தேஜ்சந்திரரும்

ஹவுராவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், தாமோதர் நதியை அடுத்து, நெல்விளையும் சமவெளியில் அமைந்தது பர்த்துவான் நகரம். அதனை ஆண்ட ஜமீன் குடும்பத்தார் வங்காளிகள் அல்லர். பஞ்சாபிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து குடியேறிய கத்ரி வகுப்பினர். வந்த இடத்தையே சொந்த நாடாகக் கொண்டு, மொகலாயர் காலத்தில் வரி வசூலிக்கும் உரிமை பெற்று, வங்காளத்தின் மிகப் பெரிய ஜமீன்களுள் ஒன்றை அவர்கள் உருவாக்கினர்.

1760-ஆம் ஆண்டில் நவாப் மீர் காசிம் பர்த்துவான் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். பத்தாண்டுகளில் வங்காளத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. 1770-இல் மகாராஜா திலக்சந்திரர் காலமானபோது கஜானா வறண்டு கிடந்தது. குடும்பத்து வெள்ளிப் பாத்திரங்களை உருக்கியும் போதாமல், அரசாங்கத்திடம் கடன் பெற்றே ஈமச்சடங்கு நடந்ததாக வரலாற்றாசிரியர் ஹண்டர் எழுதியுள்ளார். அப்போது பட்டத்துக்கு வந்த மைந்தர் தேஜ்சந்திரர் 1764-இல் பிறந்த சிறுவர். தாயார் விஷ்ணுகுமாரி ஜமீன் காரியங்களைக் கவனித்து வந்தார். நவாப்ஹாட்டில் 1788-இல் எழுந்த நூற்றெட்டுச் சிவாலயங்கள் அவ்வம்மையாரின் திருப்பணியே.

1793-இல் காரன்வாலிஸ் பிரபு சாசுவத நிலவரித் திட்டத்தைக் கொணர்ந்தார். வசூலில் பதினொன்றில் பத்துப் பங்கு கம்பெனிக்கு, ஒரு பங்கு ஜமீன்தாருக்கு என்பது அதன் அடிப்படை. பர்த்துவான் செலுத்தவேண்டிய கிஸ்தி ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் ரூபாய். வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் தவணை நாளின் சூரியன் மறைவதற்குள் பணம் சேர்ந்தாக வேண்டும். தவறினால் நிலம் ஏலத்துக்குப் போகும். நதியா, ராஜ்ஷாஹி, திநாஜ்பூர் போன்ற பழைய ஜமீன்கள் இவ்விதம் சிதைந்தன. பர்த்துவானிலும் சில பகுதிகள் ஏலம் போயின. சிங்கூர், ஜனாய், தெலினிபாரா முதலிய ஊர்களின் செல்வந்தர் அவற்றை வாங்கினர்.

எஞ்சியதைக் காக்கத் தேஜ்சந்திரர் கைக்கொண்ட வழியே 'பட்னி' முறை. நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முன்பணம் பெற்றுக்கொண்டு, என்றும் மாறாத வாரத்துக்கு நிரந்தரக் குத்தகையாக விட்டார். பட்னிதார் பணம் கட்டத் தவறினால் அவருடைய உரிமையும் ஏலத்துக்கு வரும். கம்பெனி தம் கழுத்தில் மாட்டிய கயிற்றை அடுத்தவர் கழுத்துக்கு மாற்றிவிட்டார் என்றே நாம் கொள்ளலாம். 1819-ஆம் ஆண்டின் எட்டாவது ரெகுலேஷன் இதற்குச் சட்டத்தின் வலிமையைத் தந்தது. 1832-இல் தேஜ்சந்திரர் மறைந்தபோது ஜமீன் உறுதியாக நின்றது.

ஆனால் அந்த உறுதிக்கு விலை கொடுத்தவர் யார்? பட்னிதார் தமக்குக் கீழே 'தர்பட்னி', அவருக்குக் கீழே 'சேபட்னி' எனப் படிகள் பெருகின. ஒவ்வொரு படியில் நின்றவரும் தம் ஆதாயத்தை எடுத்துக்கொண்டார். அத்தனை பேரின் ஆதாயமும் ஏரோட்டிய ஒரே குடியானவரின் களத்திலிருந்துதான் வந்தது. வாரம் செலுத்தாத குடிகளின் விளைச்சலை ஜப்தி செய்ய 1799-ஆம் ஆண்டின் ஏழாவது ரெகுலேஷன் ஏற்கனவே இடமளித்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1802-இல் சாசுவத வரித் திட்டம் புகுந்ததையும், ஜமீன் கிராமங்கள் பட்ட பாட்டையும் முன்னோர் வாயிலாகக் கேட்டறிந்த நமக்கு இது முற்றிலும் புதிய கதை அன்று.

தேஜ்சந்திரரைக் கொடியவர் என்று தள்ளிவிடுவது எளிது. திறமைசாலி என்று போற்றுவதும் எளிது. தப்பிப் பிழைக்க வேண்டிய நெருக்கடியை அவருக்கு உண்டாக்கியது கம்பெனியின் சட்டம். அந்த நெருக்கடியைக் கீழே தள்ளும் வசதி அவருக்கு இருந்தது. குடியானவருக்கோ தள்ளிவிடக் கீழே எவரும் இல்லை. சுதந்திர இந்தியாவில், 1953-ஆம் ஆண்டின் மேற்கு வங்காளச் சட்டம் ஜமீன்தார் முதல் சேபட்னிதார் வரை இடைநின்ற படிகளை அகற்றியது. 1960-இல் பர்த்துவான் பல்கலைக்கழகம் தோன்றியபோது, பழைய அரண்மனை அதற்கு இருப்பிடமாயிற்று. குடியானவரின் வாரத்தைக் கணக்கிட்ட கூடங்களில் குடியானவரின் பிள்ளைகளும் அமர்ந்து பயில வழி பிறந்தது.