விசயநகரத்து வண்ண விழா

துங்கபத்திரையின் தென்கரையிலே, குவிந்து கிடக்கும் பெரும் பாறைகளுக்கிடையில், ஹம்பி என்னும் சிற்றூர் உளது. 1336 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற விசயநகரத்தின் தலைநகர் இதுவே. 15 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு வந்த வெனிசு நகர வணிகர் நிக்கோலோ கொன்தி, தாயகம் மீண்டபின் தாம் கண்டவற்றைப் பாப்பரசரின் செயலாளர் பொக்கியோவுக்குக் கூறினார். பொக்கியோ அவற்றை இலத்தீனில் எழுதிவைத்தார்.

அக்குறிப்பிலே ஒரு விழா வருகின்றது. மூன்று நாள்கள் தெருவோரங்களில் குங்குமப்பூ கலந்த நீரை வைத்திருந்து, வழிச்செல்வோர் அனைவர் மேலும் தெளித்தனராம். அரசனும் அரசியுங்கூடத் தப்பவில்லை. யாவரும் நகைத்தே ஏற்றனர். விழாவின் பெயரைக் கொன்தி கூறிற்றிலர். எனினும் அது வசந்த விழா என்பதில் ஐயங்கொள்ள இடமில்லை. மகாநவமி மேடையின் புடைப்புச் சிற்பங்களிலே சிவிறி ஏந்தி நீர் பீச்சும் மகளிரை இன்றும் காணலாம். சிவிறி என்னுஞ் சொல்லோ பரிபாடலின் வையை நீராட்டிலேயே வந்துவிட்டது!

விழாவின் வேர் காமன் கதையிலே உளது. சிவபெருமான் காமனை எரித்தது விருபாட்சர் கோயிலை அடுத்த ஏமகூடக் குன்றிலேதான் என்பது அவ்வூரார் நம்பிக்கை. நம் மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்பெறும் காமன் கூத்தும் இக்கதையையே நடிக்கின்றது.

1565 ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அரண்மனைகள் பாழாயின. விருபாட்சர் கோயிலில் மட்டும் வழிபாடு தொடர்ந்தது. 1986 இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 2011 இல், கோயில் முன்றிலின் பழந்தெரு மண்டபங்களில் வாழ்ந்தும் வணிகஞ் செய்தும் வந்த மக்கள் அகற்றப்பட்டனர். கல்லைக் காத்தல் கடமையே. ஆனால் தெருவிலே குடிகள் இருந்தமையாலன்றோ அரசன் மேலும் நீர் தெளிக்க ஆள் இருந்தது?

விழா மட்டும் நின்றபாடில்லை. பங்குனிப் பூரணையை ஒட்டி ஊராரும் யாத்திரிகரும் அயல்நாட்டாரும் அத்தெருவிலே கூடி வண்ணம் வீசுகின்றனர். அன்றைய குங்குமப்பூ நீர் வெயிலில் உலர்ந்து மறைந்திருக்கும். இன்றைய இரசாயனப் பொடியோ கருங்கல்லின் நுண்துளைகளிற் புகுந்து எளிதில் நீங்காது. நண்பகல் ஆனதும் எல்லோரும் துங்கபத்திரையில் இறங்கி நீராடுகின்றனர்.