படைக்கூலிக்குப் பெற்ற மண்

நாம் குடியிருக்கும் இக்குந்தக்கல் சந்திப்பைச் சூழ்ந்த நாட்டிற்குக் கும்பினியார் இட்ட பெயர் 'விட்டுக்கொடுக்கப்பட்ட ஜில்லாக்கள்' என்பதாம். அனந்தப்பூர், கடப்பை, பல்லாரி, கர்நூலில் ஒரு பகுதி ஆகியன அதனுள் அடங்கும். இராயலசீமை என்னும் அழகிய பெயர் 1928-ல்தான் எழுந்தது. இந்நிலம் கும்பினியின் கைக்கு வந்தது நிஜாமோடு பொருதியன்று, கணக்கெழுதியே. ஆதலின் பேரேடு புரட்டும் நம்மனோர்க்கு இவ்வரலாறு எளிதில் விளங்கும்.

1798-ல் ஐதராபாத் நிஜாம் அலிகான் கும்பினியோடு துணைப்படை உடன்படிக்கை செய்துகொண்டார். ஆறு பட்டாளம் சிப்பாய்கள் அவர் நாட்டில் தங்குவர்; அவர்தம் செலவுக்கு நிஜாம் ஆண்டுதோறும் 24,17,100 ரூபாய் தரவேண்டும்; பிரஞ்சுத் தலைவர்களின் கீழிருந்த தம் படையையும் கலைத்துவிடவேண்டும். இதன் நயத்தை நோக்குக! சண்டையில்லாக் காலத்தும் சிப்பாய்க்குச் சம்பளம் கொடுத்தாகவேண்டும். வணிகக் கும்பினிக்கு அஃது ஓயாத செலவு. அதனைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டால் படையும் பெருகும், பேரேட்டின் செலவுப் பக்கமும் கனக்காது.

ஆயின் மன்னரின் வருமானம் மழையையும் அறுவடையையும் நம்பியது; தவணையோ தவறலாகாது. எனவே 1800 அக்டோபரில் புதிய உடன்படிக்கை பிறந்தது. படை மேலும் பெருக்கப்பட்டது. ரொக்கத்திற்கு ஈடாக, 1792-லும் 1799-லும் மைசூர்ப் போர்களின் முடிவில் தமக்குக் கிடைத்த பங்கினை நிஜாம் கும்பினிக்கே நிலையாக எழுதிக்கொடுத்தார். கூட்டாளிக்கு அளந்த பங்கு எட்டாண்டுக்குள் அளந்தவர் களஞ்சியத்துக்கே திரும்பிற்று! மறு ஆண்டு, 76 லட்சம் ரூபாய்க்கு உடன்பட்டிருந்த அயோத்தி நவாபும் இவ்வகையிலேயே நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார்.

முடிவில் அச்சம்பளத்தைக் கொடுத்தவர் குடியானவரே. தாமஸ் மன்றோ 1800 முதல் 1807 வரை இங்குத் தலைமைக் கலெக்டராயிருந்து, பாளையக்காரரை அடக்கி, வயல்வயலாக அளந்து வரி விதித்தார். அவரே, புறப்படுமுன், வரியில் நூற்றுக்கு 25 பங்கு குறைக்க வேண்டுமென எழுதினார். மேலிடம் இசையவில்லை. இக்கரிசலின் வறட்சியைக் கண்ணாரக் காணும் நமக்கு அவர் கேட்டது மிகையெனத் தோன்றாது.

நிஜாமின் வழியினர்க்கும் விடுதலை கிட்டவில்லை. 1800 உடன்படிக்கையிற் காணாத மற்றொரு படைக்கும் அவர்கள் செலவு கொடுக்க நேர்ந்தது. பாக்கி ஏறிற்று. 1853-ல் டல்ஹௌசி அதன் பொருட்டுப் பருத்தி விளையும் பெராரைத் தம் நிர்வாகத்திற் கொண்டார். 1902-ல் அஃது ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய்க்கு நிரந்தரக் குத்தகையாயிற்று. 1936-ல் நிஜாமின் மூத்த மகனுக்குப் 'பெரார் இளவரசர்' என்ற பட்டம் மட்டும் வழங்கப்பட்டது.