உறைபனியில் ஒரு சக்கர வீடு

நீர் உறையும்போது விரிகிறது. நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு விரிகிறது. வெப்ப நாட்டில் வாழ்வோர்க்கு இது பள்ளிப் பாடம் மட்டுமே. குளிர்நாட்டில் மோட்டார் வண்டியையே வீடாகக் கொண்டவர்க்கோ, ஓரிரவில் குழாயை வெடிக்கச் செய்து நீர்த்தொட்டியைப் பிளந்துவிடும் பகை அது. கல்வீட்டின் சுவர் கனமானது. பகலில் பெற்ற வெப்பத்தை இரவிலும் சிறிது காத்து நிற்கும். சக்கர வீட்டின் சுவர் மெல்லியது. அதைக் கனமாக்கினால் வண்டி நகராது. ஆகவே உள்ளே நெருப்பு வேண்டும். நெருப்புக்கு எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளையும் அதே வண்டிதான் சுமக்க வேண்டும்.

இச்செலவைப் பணத்தால் மட்டும் அளத்தல் போதாது. அடைத்த சிற்றறையில் எரியும் நெருப்பு, அங்கிருப்போரின் மூச்சுக்காற்றிலும் பங்கு கேட்கும். குளிர் உள்ளே வராமல் அடைத்தால் நச்சுப்புகை வெளியே போகாது. புகை போக வழி திறந்தால் வெப்பமும் உடன் போய்விடும். சக்கர வீட்டின் வரலாற்றில் பெரும்பகுதி இவ்விரண்டுக்கும் இடையே வழி தேடிய வரலாறே ஆகும்.

இத்தேடல் மோட்டாரோடு பிறந்ததன்று. 1253-ஆம் ஆண்டில் மங்கோலியரின் நாட்டுக்குப் பயணம் புறப்பட்ட ருப்ரக் வில்லியம் என்னும் பிளெமிஷ் துறவி, வண்டியின்மேல் ஏற்றிச் செல்லும் வீடுகளைக் கண்டு வியந்து எழுதினார். ஒரு வண்டியின் சக்கரத் தடங்களுக்கு இடையே 20 அடி இருந்ததைத் தாமே அளந்ததாகவும், 22 எருதுகள் ஒரு வீட்டை இழுத்துச் சென்றதாகவும் அவர் குறித்துள்ளார். அவ்வீடுகளின் சுவர் கம்பளியை அமுக்கிச் செய்த தடித்த போர்வை. கூரையின் நடுவே புகைபோக ஒரு வாய். கம்பளி இழைகளுக்குள் சிறைப்பட்ட காற்று வெப்பத்தைக் காத்தது. புகை மேலே போயிற்று. எளிய ஏற்பாடுதான், எனினும் பிற்கால அறிஞர்கள் பலர் அதனை மறந்து இடர்ப்பட்டனர்.

அத்தகைய இடர்களுள் மிகப் பெயர்பெற்றது அமெரிக்கக் கடற்படைத் தளபதி ரிச்சர்டு பேர்டு பட்ட துன்பம். 1934-ஆம் ஆண்டு, தென் துருவக் கண்டத்தின் கடற்கரையோரப் பனித்தட்டில் லிட்டில் அமெரிக்கா என்னும் தம் பாசறையை விட்டு, ஏறத்தாழ 120 மைல் தெற்கே ஒரு சிறு மரக்குடிலில் குளிர்காலத்தைத் தன்னந்தனியே கழிக்கலானார். வானிலையைப் பதிவு செய்வது நோக்கம். குடில் பனிக்குள் புதைக்கப்பட்டிருந்தது. வெளியே கடுங்குளிர், பூஜ்யத்திற்குக் கீழே 50 டிகிரி செல்சியசையும் தாண்டிப் பலமுறை இறங்கியது. உள்ளே ஓர் எண்ணெய் அடுப்பு. வானொலிக்கு மின்சாரம் தரப் பெட்ரோல் யந்திரம் ஒன்று. அடுப்பின் புகைக்குழாய் சரிவரப் பொருந்தவில்லை. காற்றுக்குழாய்களையும் உறைபனி அடைத்துக்கொண்டே வந்தது.

கரியமில வாயு என்று நாம் சொல்வது வேறு. இது அதனினும் கொடிய கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. மே மாத இறுதியில் பேர்டு மயங்கி விழுந்தார். அதன்பின் அவர்முன் நின்றது கொடிய தேர்வு: அடுப்பை எரித்தால் நஞ்சு, அணைத்தால் குளிர். நாளில் பல மணி நேரம் அடுப்பை அணைத்துவிட்டு உறங்கும் பைக்குள் நடுங்கிக் கிடந்தார். தம் நிலையை வானொலியில் சொல்லவும் மறுத்தார். துருவ இரவின் இருளில் தம்மைத் தேடி வருவோர் உயிரிழக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். ஆனால் அவருடைய செய்திகள் தடுமாறுவதைப் பாசறையில் இருந்தோர் உணர்ந்தனர். இரு முறை புறப்பட்டுத் திரும்பி, மூன்றாம் முயற்சியில், ஆகஸ்டு மாதம் மூவர் டிராக்டரில் அவரை வந்தடைந்தனர். அம்மூவரின் தலைவர் தாமஸ் பூல்ட்டர் என்னும் பௌதிக அறிஞர்.

இதே பூல்ட்டர்தான் பின்னர் சிகாகோ நகரின் ஆர்மர் தொழிற்கல்விக் கழகத்தில் ஒரு மாபெரும் சக்கர வீட்டை வகுத்தார். ஸ்நோ குரூசர் என்பது அதன் பெயர், பனியூர்தி எனலாம். பேர்டின் தலைமையில் 1939-ஆம் ஆண்டு புறப்பட்ட அமெரிக்க அரசின் துருவப் பயணத்திற்காக அது ஏறத்தாழ 11 வாரங்களில் கட்டி முடிக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 56 அடி, அகலம் 20 அடி. முழுச்சுமையுடன் எடை 34 டன். உறங்கும் அறை, சமையலறை, ஆய்வறை, முதுகில் ஒரு சிறு விமானம். இரண்டு டீசல் யந்திரங்கள் மின்சாரம் உண்டாக்க, ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு மின்மோட்டார் சுழன்றது. செலவு 150,000 டாலர் என்பர். 8,000 கிலோமீட்டர் ஓடத்தக்க எரிபொருளைத் தானே சுமந்து செல்லும் என்று கணக்கிட்டனர்.

இங்கே கவனிக்கத்தக்கது அதன் வெப்ப ஏற்பாடு. டீசல் யந்திரத்தில் எரியும் எண்ணெயின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை அடையும். எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு போகும். மற்றொரு பகுதி யந்திரத்தைக் குளிர்விக்கும் நீர்மத்தோடு போகும். சாதாரண வண்டியில் அவ்வெப்பம் காற்றில் வீணாகும். பூல்ட்டரின் வண்டியிலோ அந்த நீர்மத்தையே குழாய்களின் வழியே அறைகள் எங்கும் ஓடவிட்டனர். யந்திரத்துக்கு அது குளிர்விப்பு. மனிதருக்கு அதுவே கணப்பு. இருப்பிடத்திற்குள் தனியே ஒரு நெருப்பு எரிந்து காற்றைக் கெடுக்க வேண்டிய தேவை இல்லாது போயிற்று. வண்டி ஓடும் நேரத்தில் வெப்பத்திற்கென்று தனியாக ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லை.

யந்திரப் புகையையும் அவர்கள் விடவில்லை. சக்கரங்களை வண்டியின் உடலுக்குள் இழுத்துக்கொள்ளலாம். அந்தக் கூடுகளில் புகையின் சூட்டைச் செலுத்தி டயர்களை வெதுவெதுப்பாக வைத்தனர். கடுங்குளிரில் இயற்கை ரப்பர் விறைத்து வெடித்துவிடும் என்பதே காரணம். அமெரிக்கா அந்நாளில் வாங்கிய ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்தும் டச்சு இந்தியத் தீவுகளிலிருந்தும் சென்றது. விடியற்காலை வெக்கையில் வடித்த பால், துருவத்தில் இப்படிச் சூடு காய வேண்டியிருந்தது!

ஆனால் அந்த டயர்களே வண்டியைக் கவிழ்த்தன எனலாம். 10 அடி விட்டமுள்ள அவை பள்ளமோ வரியோ இல்லாத வழுவழுப்பான டயர்கள்; சேற்று நிலத்துக்கு ஏற்றவை. 1940 ஜனவரியில் கப்பலிலிருந்து இறக்கியதும் அவை பனியில் புதைந்து வீணே சுழன்றன. மாற்றுச் சக்கரங்கள் இரண்டையும் முன்புறம் சேர்த்துக் கட்டினர். பின்புறம் சங்கிலி பூட்டினர். பின்னோக்கி ஓட்டினால் சற்று நன்றாகப் போகிறது எனக் கண்டனர். அது சென்ற மிக நீண்ட பயணம் 92 மைல். அம்முழுத் தொலைவும் பின்னோக்கியே! பூல்ட்டர் அம்மாதமே தாயகம் திரும்பினார். வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, மரமும் பனியும் கொண்டு மூடி, ஆல்ட்டன் வேட் என்பவரின் தலைமையில் ஒரு குழுவினர் அதனுள் தங்கி நில அதிர்வு, அண்டக் கதிர், பனிப்படிவு ஆகியவற்றை ஆராய்ந்தனர்.

நூல்கள் பலவும் இவ்வண்டியை நகைப்புக்குரிய தோல்வி என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அது சக்கரத்தைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. வீட்டைப் பார்த்துச் சொன்னதன்று. உறங்குவதற்கு மெல்லிய போர்வையே போதுமானதாயிருந்தது என்று உள்ளே வாழ்ந்தோர் தெரிவித்துள்ளனர். அதே பனித்தட்டில், ஆறே ஆண்டுகளுக்கு முன், பேர்டு தம் குடிலில் நஞ்சுக்கும் குளிருக்கும் நடுவே கிடந்ததை நினைத்துப் பார்த்தால், அந்த மெல்லிய போர்வையின் பெருமை விளங்கும். குறை இல்லாமலும் இல்லை. ஓடும் வண்டியில் வெப்பம் இலவசம். நின்றுவிட்ட வண்டியில் யந்திரத்தை வெப்பத்திற்காகவே இயக்கினால் அது விலையுயர்ந்த அடுப்பாகிவிடும். மூடிய பனி இங்கே கைகொடுத்தது. பனிக்குள் நிறைந்திருக்கும் காற்று மங்கோலியரின் கம்பளி செய்த வேலையையே செய்யும்.

போர் நெருங்கவே, 1941-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயணக்குழு திரும்ப அழைக்கப்பட்டது. வண்டி அங்கேயே விடப்பட்டது. 1946-47-இல் அமெரிக்கக் கடற்படையினர் அதைக் கண்டபோது, டயர்களுக்குக் காற்றும் சிறிது செப்பனிடுதலும் இருந்தால் ஓடும் என்ற நிலையில் இருந்ததாம். 1958-இல் வேறொரு குழு மூங்கில் கழி ஒன்றை அடையாளமாகக் கொண்டு பனியைத் தோண்டி உள்ளே இறங்கிற்று. இதழ்களும் தாள்களும் சிகரெட்டுகளும் விட்டுச்சென்றபடியே கிடந்தன. பின்னர் அப்பனித்தட்டின் விளிம்பு உடைந்து கடலில் மிதந்து போயிற்று. வண்டியும் அதனோடு போய்க் கடலடியில் கிடக்கிறதா, பனிக்குள்ளேயே புதைந்துள்ளதா என்பது தெளிவாகவில்லை.

அதன் வெப்ப வழியோ மறையவில்லை. ஐரோப்பாவின் குளிர்காலத்தில் இன்று ஓடும் மோட்டார் வீடுகள் சிலவற்றில், ஓடும்போது யந்திர நீர்மத்தின் சூட்டை வெப்பமாற்றி ஒன்றின் வழியே இருப்பறைக்குக் கொண்டுவருகின்றனர். நின்றபின் வாயுக்கலன் எரிகிறது; எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியிலேயே விடும்படி அந்த அடுப்பு மூடியமைக்கப்பட்டுள்ளது. வாயுவிலும் தேர்வு உண்டு. பூட்டேன் வாயு, நீர் உறையும் நிலையை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். கலன் நிறைய இருந்தும் அடுப்பு எரியாது. புரோப்பேன் பூஜ்யத்திற்குக் கீழே 42 டிகிரி வரை ஆவியாகும். குளிர்காலத்தில் அதையே வாங்குகின்றனர். வண்டியை ஆளின்றி மாதக்கணக்கில் நிறுத்தி வைப்போர், வாயுச் செலவுக்கு அஞ்சி வேறு வழி கொள்கின்றனர். தொட்டியையும் குழாய்களையும் ஒரு சொட்டு விடாமல் வடித்து, குழாய் வாய்கள் அனைத்தையும் திறந்தே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிச் செல்கின்றனர்.