அபார்த்தைட்

தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிகான்ஸ் மொழிச் சொல். ‘அபார்ட்’ என்றால் தனியாக; ‘ஹெய்ட்’ நம் ‘மை’ விகுதி போன்றது. எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் ‘தனிமை’ என்றே வரும். எவ்வளவு சாதுவான சொல்! 1948 தேர்தலில் வென்ற தேசியக் கட்சி அதை அரசுக் கொள்கையாக்கியது. பிரதமர் வெர்வூர்ட் இதை ‘நல்ல அண்டை உறவு’ என்றுகூட விளக்கினார்.

தமிழில் ‘நிறவெறி’ என்கிறோம். கோபம் சரிதான், பொருள்தான் முழுதாகப் பொருந்தவில்லை. வெறி மனத்தில் இருப்பது. இது பதிவேட்டில் இருந்தது. 1950-இல் வந்த இரண்டு சட்டங்களில் ஒன்று ஒவ்வொருவரின் இனத்தையும் பதிவு செய்தது. மற்றொன்று எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டது. ஐயம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது கீழே விழுகிறதா என்று பார்த்ததும் உண்டு. டர்பனில் தமிழர் உள்ளிட்ட இந்தியக் குடும்பங்களும் வீடிழந்து சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்ந்தன. ஆகவே ‘இன ஒதுக்கல்’ என்பதே நெருக்கமான சொல்.

1990களின் தொடக்கத்தில் சட்டங்கள் நீங்கின. கோடுகள் நிலத்தில் கிடக்கின்றன. ஜோகன்னஸ்பர்க்கின் ஓரத்தில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட சொவெட்டோவின் பெயர் ‘தென்மேற்கு நகரியங்கள்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம், வெறும் திசைக் குறிப்பு. அங்கிருந்து இன்றும் விடியலில் ஜோகன்னஸ்பர்க் வேலைக்கு வேன்கள் நிறைந்து கிளம்புகின்றன.