மணப்பட்டாடையின் காலமும் மாற்றமும்

இங்கிலாந்தின் பழங்குடும்பங்கள் சிலவற்றில், பாட்டியின் மணப்பட்டாடையைப் பேர்த்தி உடுத்தும் வழக்கம் உண்டு. 'இது எங்கள் முப்பாட்டியின் மணக்கோலம்' எனக் குடும்பத்தார் பெருமையுடன் எடுத்துக் காட்டுவர். அக்கூற்றுப் பொய்யாக வேண்டுவதில்லை. எனினும் முழு மெய்யுமன்று. பட்டு ஒரு காலத்தது, வெட்டு மற்றொரு காலத்தது, தையல் பிறிதொரு காலத்தது ஆதல் கூடும். ஓராடைக்கு ஓராண்டே குறிக்க முனைவோர் இவ்விடத்திலேயே இடர்ப்படுகின்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே தையற்கூலியினும் பட்டின் விலை மிக உயர்ந்திருந்தது. ஆதலின் தைப்போர் பட்டை வீணே வெட்டாது, ஏறத்தாழ 20 அங்குல நெசவகலத்தை அப்படியே மடித்து, எளிதிற் பிரிக்கத்தக்க தையலால் இணைத்தனர். பின்வந்தோர் அதனைப் பிரித்துத் தம் காலத்துப் பாங்கிற்கேற்ப மீளத் தைப்பித்தனர். வெட்டும் தையலுமின்றி எவர்க்கும் பொருந்தும் கூறைச்சேலையைக் கண்ட நமக்கு இத்தொல்லை புதிது.

பட்டின் காலத்தை அறிய அரியதொரு சான்று உளது. இலண்டனில் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் நெசவாளருக்குப் பூக்கோலம் வரைந்து கொடுத்த அன்னா மரியா காத்வெயிற் என்னும் அம்மையார் (இறப்பு 1763), தம் ஓவியங்கள் பலவற்றில் ஆண்டையும் நெசவாளர் பெயரையும் எழுதி வைத்தார். அவற்றுள் பல நூறு இன்றும் விக்ரோறியா அல்பேட் அரும்பொருட்சாலையில் உள்ளன. ஆடையின் பூவும் ஓவியத்தின் பூவும் ஒத்தால், பட்டு எவ்வாண்டை அடுத்து நெய்யப்பட்டதென ஒருவாறு துணியலாம். ஆயின் 1740களின் பூவுடைய அப்பட்டே, இடைக்கோடு மார்பின்கீழ் உயர்ந்து நிற்கும் ஆடையாகக் காணப்படின், அது 1800ஐ ஒட்டிய காலத்தில் மீளத் தைக்கப்பட்டது என்பதே பொருத்தமாம்.

மாற்றத்தின் தடங்களை ஆடையின் உட்புறத்திலேயே தேடல் வேண்டும். நூலற்ற பழைய ஊசித்துளைகள், வெளுத்த பட்டினிடையே வெளுக்காது எஞ்சிய மடிப்புக் கோடுகள், அக்குளில் ஒட்டிட்ட துண்டுகள் என்பன ஒளியாது உரைக்கும். இயந்திரத்தையல் தோன்றின் அத்தையல் 1850களுக்கு முற்பட்டதன்று எனலாம். ஆனால் அஃது அவ்வொரு தையலுக்கே சான்று, ஆடை முழுமைக்குமன்று. நிறத்தைக் கொண்டு முடிவு கட்டுதலும் தவறு. மணமகள் வெண்பட்டுடுத்தல் பரந்த வழக்கானது 1840ஆம் ஆண்டு விக்ரோறியா மகாராணியின் திருமணத்தின் பின்னரே. அதற்கு முன்னர்ப் பலநிற ஆடைகளிலும் மணம் நிகழ்ந்தது.

அம்மகாராணியின் மணவாடையே நல்ல எடுத்துக்காட்டு. ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பட்டிலமைந்த அவ்வாடையை அலங்கரித்தது டெவன் நாட்டுப் பியர் என்னும் ஊரில் பின்னிய ஹொனிற்றன் சரிகைப்பின்னல். அரசியார் அப்பின்னலைப் பிற்காலத்தில் வேறு ஆடைகளிலும் அணிந்தார். மணமுக்காட்டை 1885இல் இளைய மகள் பியற்றிஸ் தம் திருமணத்தில் அணிந்தார். பட்டும் பின்னலும் இவ்வாறு வெவ்வேறு வாழ்வு வாழ்ந்தன.

இன்றும், முப்பாட்டியின் ஆடையை 'முன்னிருந்தவாறே' ஆக்கித் தருமாறு தையலாளரை வேண்டுவோர் உளர். அதற்கென இடைக்காலத் தையல்களைப் பிரித்தெறிந்தால், அதனை உடுத்த மகளும் பேர்த்தியும் அதனின்று நீங்கிவிடுவர். ஆதலின் ஆடை பேணுவோர் பலர் பிரிக்குமுன் ஒவ்வொரு தையலையும் படம் வரைந்து குறித்துக்கொள்கின்றனர். இயன்றவிடத்துப் பிரியாமலே விடுகின்றனர்.